என் மகளிடம் உங்கள் மகனின் கம்ப்யூட்டர் தோற்றது பற்றி

நெடுவாய்க்கால்,
திருத்துறைப்பூண்டி வழி.
சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. புகழேந்தி அவர்களுக்கு,

நெடுவாய்க்கால் ஐயாவு, ஓய்வுபெற்ற மதகு லஸ்கர், இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதலாமா, ஐயா என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். எழுதியாயிற்று. அடிக்கவேண்டும் என்று தோன்றினால் தாங்களே அடித்துக்கொள்ளலாம். இங்கு நானும் என் மனைவி ரெங்கம்மாளும் மகள் அறிவுமதியும் இரண்டு கறவை மாடுகளும் உடம்பளவில் சௌக்கியம். மனத்தளவில் மாடுகள் மட்டும் சௌக்கியம். தங்கள் கண்ணில் புரை எடுத்த இடத்தில் உறுத்தல் குறைந்து, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கும்பகோணம் கடைத்தெருவில் நடமாடும் நாள் சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். (தாங்கள் சாமி கும்பிடாதவர் என்று தெரியும். என் மனைவி வேண்டிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கடிதத்தைத் தாங்களே படிக்க முடியாவிட்டால் வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். தங்கள் மைத்துனர் அறிவுச்செல்வன் அவர்கள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம். போனிலேயே பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் தங்கள் போனை அவர்தான் எடுத்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகன் வளவன் என் மகளைப் பார்க்க வந்தபோது, தாங்கள் கண்ணில் கட்டுடன் வீட்டிலேயே இருக்க நேர்ந்துவிட்டது. அன்று நடந்ததைத் தாங்கள் காதால் கேட்டதோடு சரி. நான் ஆரம்பம் முதல் முடிவு வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், எங்கள் பக்கம் தப்பிருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றேகாலிலிருந்து நாலேகாலுக்குள் நல்ல நேரம், அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வது என்றுதானே பேச்சு. தங்கள் வீட்டம்மா மங்களாம்பிகை அவர்களும் தம்பி வளவனும் தங்கள் மைத்துனரும் இரண்டேகாலுக்கே காரில் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்தான் வீட்டில் இல்லை. அவள் கால்நடை மருத்துவர் என்பது தாங்கள் அறிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று மாட்டுக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் ஒரு மாடு காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, அரை மணி கழித்து அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, முழங்கை வரை டெட்டால் வாசனையோடு கொல்லைப்புறமாக உள்ளே ஓடி, பத்து நிமிடத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. கன்னு குறுக்கால கெடந்துச்சு. திருப்பி எடுக்குறதுக்குள்ள நேரமாயிடுச்சு" என்று தங்கள் வீட்டம்மாவிடம் சொன்னாள்.

"கன்னு பொழச்சிடுச்சா?" என்று அம்மா கேட்டார்கள்.

"பொழச்சிடுச்சும்மா. கெடேரிக் கன்னு."

"அப்ப சரி, ஒக்காரு. கேசரி ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம்."

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தோடு தட்டை எடுத்து மாற்றியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் தங்கள் மைத்துனர், "பொண்ணுக்கு வைத்தியம் தவிர வேற என்ன தெரியும்? பாட்டு கீட்டு உண்டா?" என்று கேட்டார். பாட்டு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் மனைவி ரெங்கம்மாள், "செஸ் நல்லா ஆடுவா. காலேஜ்ல கப்பு வாங்கியிருக்கா" என்று அலமாரியைக் காட்டிவிட்டாள். அந்தக் கப்பில் நாங்கள் சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம். கப்பைப் பார்த்ததும் தங்கள் மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடடே! நம்ம வளவன் சொந்தமா ஒரு செஸ் புரோகிராமே எழுதியிருக்கான் தெரியுமா? மூணு வருஷ ஒழைப்பு. ஆபீஸ்ல நாப்பது பேரு ஆடிப் பாத்தாங்க. ஒருத்தன் ஜெயிக்கணுமே!"

"மாமா, வேணாம் மாமா" என்றார் தம்பி.

"என்னடா வேணாம்? லேப்டாப்ப எடு. பொண்ணும் சும்மா ஒரு ஆட்டம் ஆடட்டும். பேசிக்க ஒரு சாக்கு வேணும்ல?"

செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய பெரிய செஸ் புரோகிராம்கள் உலக சாம்பியனையே உட்கார வைத்துவிடும் என்று என் மகள் முன்பே சொல்லியிருக்கிறாள். இது அந்த ரகம் இல்லை. தம்பி ஆபீஸ் முடிந்து வந்து தானே ஒவ்வொரு வரியாக எழுதிய சொந்தப் பிள்ளை. அது எனக்கு அப்போது தெரியாது. கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர்தான், அதை யாரும் ஜெயிக்க முடியாது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் பெற்றவன் மனசு கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போய், "பாப்பா, தோத்துடும்மா" என்றேன்.

"ஏம்ப்பா?"

"மொத நாளும்மா. மரியாதைக்கு."

"பாக்கலாம்ப்பா" என்றாள். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். அது என் முதல் தப்பு.

எனக்குச் செஸ்ஸில் காய் நகர்த்தத் தெரியும். யாரிடம் காய் அதிகமோ அவர் ஜெயிக்கிறார் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆட்டம் தொடங்கியதும் என் மகள் ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் எதிரியின் வாயில் வைத்தாள். கம்ப்யூட்டர் தின்றது. இன்னொரு சிப்பாயை வைத்தாள். அதையும் தின்றது. திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கிறது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று அது எண்ணில் காட்டுமாம். எண் ஏற ஏறத் தங்கள் மைத்துனர் நேர்முக வர்ணனையே செய்தார். "ரெண்டு சிப்பாய் போச்சு! இப்ப குதிர! ஐயோ பாவம், பொண்ணு பயந்துடுச்சு, யானையயும் விட்டுட்டாளே!" என்றார். கம்ப்யூட்டரின் ராணி கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி, பலகையின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு நிமிராமல் சாப்பிட்டது. எனக்கோ ஒரே பெருமை. என் பெண் சொன்ன பேச்சைக் கேட்கிறாளே, அதுவும் எவ்வளவு அழகாக, சந்தேகமே வராதபடி தோற்கிறாளே என்று மனம் குளிர்ந்து, தங்கள் மைத்துனரின் தட்டில் நானே இன்னும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி எடுத்து வைத்தேன்.

அப்புறம் அவள், "செக்" என்றாள். கம்ப்யூட்டரின் ராஜா ஓர் அடி நகர்ந்தது. மறுபடியும், "செக்" என்றாள். அப்போதுதான் நான் கவனித்தேன். கம்ப்யூட்டரிடம் காய்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் எல்லாம் அந்த மூலையில். ராஜாவுக்குப் பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள் இல்லை. என் மகளிடம் மிச்சமிருந்த நாலைந்து காய்களும் அந்த ராஜாவின் வாசலில்தான் நின்றன. அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு விநோதமான காரியம் செய்தது. தன் மந்திரியைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. அடுத்து அந்தச் சாப்பாட்டு ராணியையே ஒரு சிப்பாய்க்குக் கொடுத்தது.

"பெருந்தன்மையப் பாருங்க! பொண்ணுக்கு விட்டுக்கொடுக்குது!" என்றார் தங்கள் மைத்துனர்.

"இல்ல மாமா. கெட்டது நடக்கப்போவுதுன்னு தெரிஞ்சிடுச்சு. கையில கெடச்சதத் தூக்கிப் போட்டு அத ரெண்டு மூவ் தள்ளிப்போடுது" என்றார் தம்பி வளவன், தலையில் கை வைத்தபடி. தள்ளிப்போட்டதும் முடிந்தது. "செக்மேட்" என்றாள் என் மகள். என் கையில் மூன்றாவது பஜ்ஜி அப்படியே நின்றது.

சம்பந்தி அவர்களே, இதோடு நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் நேரம் ஆகிறது, தட்டை எடுக்கலாம் என்றேன். தங்கள் மைத்துனர்தான், "லேப்டாப் பேட்டரியில ஓடுதுங்க. கரண்டு பத்தாம அதுக்கு மூள வேல செய்யல. இதக் கணக்குல எடுத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பிளக்கில் செருகினார். எங்கள் ஊரில் மத்தியானம் வோல்டேஜ் குறைவு. அதனால் ஃபிரிட்ஜை நிறுத்தச் சொன்னார். பிறகு ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். மூன்றரை மணி வெயிலில், பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக எல்லாரும் வியர்த்து ஒழுக, இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. அவர் பிளக்கோடு மல்லுக்கட்டிய நேரத்தில் தம்பி என் மகளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். என்ன சொன்னார் என்பது எனக்கு வியாழக்கிழமை வரை தெரியாது.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் ஒன்றையும் கொடுக்கவில்லை. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் நட்டநடுவே முட்டிக்கொண்டு வரப்புப் போட்டது மாதிரி நின்றுவிட்டன. இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் போக வழியில்லை. கம்ப்யூட்டருக்குத் தின்பதற்கு எதுவும் கிடைக்காததால் என்ன செய்வது என்று தெரியவில்லை. யானையை இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு நகர்த்தியது. அடுத்த முறை அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு. "யோசிக்குது, யோசிக்குது" என்றார் தங்கள் மைத்துனர். அது யோசித்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் என் மகள் வரப்புக்குப் பின்னால் தன் குதிரைகளையும் யானைகளையும் ஒவ்வொன்றாக ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். திரையில் பட்டை சமம், சமம் என்றே காட்டியது. பிறகு ஒரு குதிரையைக் கொடுத்து வரப்பை ஓர் இடத்தில் உடைத்தாள். உடைத்த வாய் வழியாக எல்லாம் உள்ளே புகுந்துவிட்டன. ஆட்டம் முடிந்தது.

"இத எப்பப் பாத்தீங்க?" என்று தம்பி கேட்டார்.

"நீங்க யானைய ரெண்டாவது தடவ திருப்பி நகத்துனப்ப."

"நான் நகத்தல. அதுவா நகத்துனது."

"எழுதுனது நீங்கதானே? அது கையில என்ன இருக்குன்னு எண்ணிப் பாக்குது. அதுல தப்பே வர்றதில்ல. ஆனா ராஜா தனியா நின்னா அதுக்குப் பயம் வரமாட்டேங்குது. மூணு மூவுக்கு அப்பால ஒண்ணு நடக்கும்னா, அதப் பொறுத்தவரைக்கும் அது நடக்கவே நடக்காது."

எனக்கு இது உடனே புரிந்தது. முப்பத்தொரு வருடம் நான் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கியவன். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் கடைமடைக்கு வந்து சேர நாள் கணக்காகும். மேற்கே மழை கொட்டுகிறது, நாலு நாளில் இங்கே கரை தாங்காது என்று எனக்குத் தெரியும். வருகிற அதிகாரியோ அளவுகோலைப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் முழங்காலுக்குத்தானே இருக்கிறது, ஷட்டரை இறக்கித் தேக்கு என்பார். அளவுகோலில் தப்பே இருக்காது. இதை அங்கேயே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தங்கள் மைத்துனர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைக் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். சத்தியமாக நான் தண்ணீரைப் பற்றித்தான் பேசினேன்.

மூன்றாவது ஆட்டம் அவர் பிடிவாதத்தில்தான் நடந்தது. "அவசரப்படுத்துனா எப்படி? அதுக்கு யோசிக்க டயம் குடுக்கணும்" என்று தம்பியிடம் சொல்லி, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்று மாற்றிவிட்டார். அது நிஜமாகவே எவ்வளவு வேண்டுமானாலும் யோசித்தது. லேப்டாப் கொதித்து உஸ் உஸ் என்று மூச்சு விட்டது. கேசரி இறுகியது. மணி நாலேகால் ஆயிற்று, நல்ல நேரம் போயிற்று. என் மனைவி தட்டைக் கையில் எடுப்பாள், ஆட்டத்தைப் பார்ப்பாள், தட்டைக் கீழே வைப்பாள். தாங்கள் நேரம் காலம் பார்க்காதவர், அதெல்லாம் எனக்குப் பெருமை. ஆனால் அறிவுச்செல்வன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் தங்கள் மைத்துனர் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்க்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது பார்த்து என் மகளின் போன் அடித்தது. எங்கள் ஊர் மூஸா வீட்டுப் பசு தவிட்டு மூட்டையை அவிழ்த்து மேய்ந்துவிட்டு, வயிறு உப்பி மூச்சுத் திணறிக் கிடக்கிறதாம். இது தாமதிக்கக்கூடிய காரியம் இல்லை. அரை மணி போனால் மாடு போய்விடும்.

அவள் எழுந்து நின்றபடியே தன் யானையைக் கொண்டுபோய் எதிரிச் சிப்பாய் தின்னும் கட்டத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். "நாலு மூவ்ல மேட். இப்ப சொன்னா அது ஒத்துக்காது. கொஞ்ச நேரம் விட்டீங்கன்னா அதுவே சொல்லும்" என்றாள் தம்பியிடம். "வர்றேங்கம்மா, மாடு தாங்காது" என்று தங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் போய்விட்டாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இல்லாமல் நாங்கள் ஐந்து பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பட்டை கம்ப்யூட்டர் பக்கமே சாய்ந்திருந்தது. "திமிரு பேச்சு. ஒரு யானையத் தண்டமா குடுத்துட்டு ஓடிப்போச்சு" என்றார் தங்கள் மைத்துனர். பதினெட்டு நிமிடம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலரை ஆயிற்று. திடீரென்று அந்த எண் குறைந்தது, இன்னும் குறைந்தது, மறு பக்கம் சாய்ந்தது. நான்கு நகர்வில் தோல்வி என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டியது. தங்கள் வீட்டம்மா, "அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போனது சரியாத்தானே இருக்கு" என்று சொல்லி, இறுகிப்போன கேசரியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். தங்கள் மைத்துனர் எழுந்து துண்டை உதறினார். "ராகுகாலம் பொறந்தாச்சு. தட்டு மாத்துறதா இல்ல. கெளம்புங்க எல்லாரும்" என்றார். தம்பி லேப்டாப்பை மூடி, "போயிட்டு வரேங்க" என்று என்னிடம் சொன்னபோது அவர் பார்வை என் மேல் இல்லை. எங்கோ இருந்தது. மூஸா வீட்டுப் பசு பிழைத்துக்கொண்டது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை தங்களுக்குப் போன் செய்தேன். மைத்துனர் எடுத்தார். "பையன் சரியா சாப்பிடல. லீவு போட்டுட்டு லேப்டாப்ப மொறச்சுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான். மனசு ஒடஞ்சு போச்சு" என்றார். செவ்வாயும் அதையே சொன்னார். புதன்கிழமை, "ஒரே வழிதான் இருக்கு. பொண்ணக் கும்பகோணம் கூட்டிட்டு வாங்க. எங்க சொந்தக்காரங்க முன்னால ஒரு ஆட்டம் ஆடட்டும். அதுல பொண்ணு தோக்கணும். அப்புறம்தான் தட்டு. இது எங்க அத்தானே சொன்னது" என்றார். தாங்கள் சொன்னதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தாங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு. தம்பி வளவன் மாதிரி, கன்று எப்படிக் குறுக்காக வரும் என்று அன்று ஆட்டத்துக்கு நடுவே அவளிடம் புருவத்தைச் சுருக்கிக் கேட்ட பையன் இதுவரை வந்தவர்களில் யாருமில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் டெட்டால் வாசனைக்கே மூக்கைப் பிடித்தவர்கள்.

தோற்பது அவ்வளவு கஷ்டமா என்று நானே பரீட்சை செய்துபார்த்தேன். போனில் ஒரு செஸ் ஆட்டத்தை ஏற்றிக்கொண்டு, சின்னக் குழந்தைகளுக்கான முதல் படியில் ஆடினேன். என் மகள் செய்தது போலவே சிப்பாயைக் கொடுத்தேன், குதிரையைக் கொடுத்தேன், யானையைக் கொடுத்தேன். அது எல்லாவற்றையும் தின்றுவிட்டு என்னையும் தின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் பலகையில் என் ராஜா மட்டும் அநாதையாக நின்றது. ஏழு முறை ஆடினேன், ஏழு முறையும் அப்படித்தான். கொடுப்பது யாராலும் முடியும், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும் போலிருக்கிறது. ஆக, தோற்பது சுலபம் என்ற முடிவோடு வியாழக்கிழமை மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். அவள் எங்கள் பசுவின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"ஒரு ஆட்டம்தானம்மா. தோத்துட்டு வந்துடலாம்."

"அப்பா, அன்னிக்கு மொத ஆட்டத்துலயே நான் தோத்துடலாமான்னுதான் யோசிச்சேன். ஒங்களுக்காக" என்றாள், குளம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா ஆட ஆரம்பிச்சா கை கேக்கல. ரெண்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ஆபீஸ்ல ஆடுன நாப்பது பேரும் அவருக்குக் கீழ வேல பாக்குறவங்களாம். வேணும்னே தோக்குறாங்கன்னு அவருக்குச் சந்தேகமாம். 'நீங்களாவது நெசமா ஆடுங்க, எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும்'னாரு. அப்புறம் எப்படிப்பா தோக்குறது? காலம்பூரா ஒண்ணா இருக்கப்போற ஆளு. மொத நாளே பொய்யி ஆடுனா, அப்புறம் எந்த நாள்ப்பா நெசம்?"

என் அப்பா அடுத்தவர் வயலில் கைகட்டி நின்றே காலத்தை ஓட்டியவர். நான் முப்பத்தொரு வருடம், தப்பான உத்தரவு என்று தெரிந்த பிறகும், "சரிங்கய்யா" என்று சொல்லி ஷட்டரை இறக்கியவன். இறக்கிவிட்டு நாலு நாள் கழித்து, முங்கிப்போன பயிரைப் போய்ப் பார்த்தவனும் நான்தான். அந்தப் பழக்கத்தில்தான் என் பெண்ணையும் தோற்கச் சொல்லியிருக்கிறேன் என்று அந்தக் கொட்டகையில் நிற்கும்போது உறைத்தது. பசு என் தோளை நக்கியது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, சம்பந்தி அவர்களே, மன்னிப்புக் கேட்பதற்காக எடுத்த பேனா இது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பெண் தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள். பாதியில் எழுந்து போனதற்கு மன்னியுங்கள். ஃபேனை நிறுத்தியதில் தங்கள் வீட்டம்மாவுக்கு வியர்க்குரு வந்திருந்தால் அதற்கும் மன்னியுங்கள். ஜெயித்ததற்கு மட்டும் மன்னிப்பு எழுத வரவில்லை. இரண்டு தாளில் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். என் மகள் கும்பகோணம் வருவாள், எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுவாள், தோற்றால் உண்மையாகத் தோற்பாள். தோற்கச் சொல்லி நான் இனிமேல் சொல்லமாட்டேன். இதனால் சம்பந்தம் நின்றுபோகும் என்றால் தாங்கள் மேலே உள்ள சம்பந்தி என்ற வார்த்தையை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், எனக்கு விளங்கிவிடும். ஆனால் தம்பி வளவனை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். தங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று வேளையும் தவறாமல் விடவும். தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கமும், தம்பிக்கு என் ஆசியும், மைத்துனர் அவர்களுக்கு மரியாதைக்குரிய தூரத்திலிருந்து ஒரு கும்பிடும்.

தபால்காரர் சைக்கிள் மணிக்கு இனித் தினமும் வாசலுக்கு ஓடிவரப்போகும்,
ஐயாவு

பின்குறிப்பு (ஞாயிறு பகல் ஒரு மணி): ஒட்டி வைத்த உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலை பத்து மணிக்குத் தங்கள் வீட்டம்மாவும் தம்பி வளவனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாங்கள்தான் அனுப்பி வைத்தீர்களாம். மைத்துனரிடம் மட்டும் சொல்லவில்லையாம். தோற்கவேண்டும் என்ற நிபந்தனை தங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அது முழுக்க முழுக்க மைத்துனரின் சொந்தத் தயாரிப்பு. தம்பி சாப்பிடாமல் இல்லை, ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டு இன்னொரு கையால் சாப்பிட்டதில் தோசை எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். என் மனைவி இந்த முறை யார் பேச்சையும் கேட்காமல் முதலில் தட்டை மாற்றிவிட்டாள். ஆகவே தாங்கள் சம்பந்தியேதான், அடிக்க வேண்டாம்.

தட்டு மாற்றியதும் தம்பி, "ஒரு வாரமா அதுக்குப் பயப்படக் கத்துக்குடுத்திருக்கேன் மாமா" என்று லேப்டாப்பைத் திறந்தார். என் மகள் வழக்கம்போல் சிப்பாயைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள். அது தின்னவில்லை. ராஜாவைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அவள் குதிரையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதைத் தின்றது, தின்ற கையோடு ராணியை ராஜாவின் பக்கத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. நாற்பத்திரண்டாவது நகர்வில் என் மகள் உண்மையாகவே தோற்றுப்போனாள்.

அப்போதிலிருந்து அவள் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட வரமாட்டேன் என்கிறாள். தம்பி கொட்டகை வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறார். "மாமா, அடுத்த ஆட்டத்துல அத வேணும்னா கொஞ்சம் தோக்க வச்சிடட்டுமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "தம்பி, அந்தத் தப்ப நான் ஏற்கெனவே பண்ணிட்டேன், நீங்க பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தங்கள் வீட்டம்மா மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே மேலே எழுதியுள்ள ஆறுதல், மன்னிப்பு எல்லாவற்றையும், பெயர்களை மட்டும் மாற்றி, தாங்கள் எனக்கு எழுதியதாக மறு தபாலில் அனுப்பிவைக்கவும். என் மகளுக்குப் படித்துக் காட்டவேண்டும்.